இதய ஸ்டெம் செல்லின் கடிகாரம்: ஆய்வுக்கூடத்தில் சறுக்கும் இடங்கள்

சோமனூரில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். நாற்பது தறிகள் ஓடும் கூடத்தில் தாளம் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். ஒவ்வொரு தறியும் கணக்காக அடிக்கிறது, ஆனால் ஒன்றோடு ஒன்று சேராமல். எல்லாவற்றையும் ஒரே நொடியில் ஓட்டிவிட்டால் கொஞ்ச நேரம் தாளம் கேட்கும், பிறகு கலைந்துவிடும்.

இதயத் திசுவிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வளர்க்கும் ஸ்டெம் செல்களும் (வேறு வகைச் செல்லாக முதிரக்கூடிய மூலச் செல்கள்) அப்படித்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் பிமால்1, பெர்2 ஆகிய மரபணுக்களின் செயல்பாடு ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் மாறிமாறி ஏறி இறங்குகிறது. செல்களை ஒத்திசைக்காமல் அளந்தால் வரைபடம் தட்டையாக வரும். 'கடிகாரமே இல்லை' என்று முடிவு கட்டுவதுதான் இங்கே பெரிய தவறு. 1998இல் ஜெனீவாவில் யூலி ஷிப்லரின் குழு, எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை (இணைப்புத் திசுச் செல்கள்) செறிவான குதிரைச் சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்) 2 மணி நேரம் வைத்து, மறைந்திருந்த தாளத்தை வெளியே கொண்டுவந்தது. இப்போது பலரும் அதே வேலைக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவுடன் பெர் மரபணுக்கள் ஒருமுறை துள்ளும். அது அதிர்ச்சி, அதைத் தாளத்தின் முதல் உச்சமாக எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது சோம்பலில் வரும் தவறு. காலை 9, மாலை 5 என்று இரண்டே மாதிரி எடுத்தால் அலை எங்கே தெரியும்? 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாக, 2 நாளாவது வேண்டும். ஒருமுறை காந்திபுரம் போகும் கடைசி பஸ்ஸுக்காக இரவு 10 மணி மாதிரியை 8 மணிக்கே எடுத்துவிட்டேன். அந்தப் புள்ளி மட்டும் வரைபடத்தில் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ராத்தூக்கம் கெடாமலும் செய்யலாம். ஒரு தொகுதிக்குக் காலை 8 மணிக்கும் இன்னொன்றுக்கு இரவு 8 மணிக்கும் மருந்து கொடுத்தால், இரவு மணிகளும் பகலிலேயே கைக்கு வரும்.

நடுவில் வளர்ப்புக் கரைசலை மாற்றாதீர்கள், கடிகாரம் புதிதாகத் தொடங்கிவிடும். வெப்பநிலை ஏறி இறங்கினாலும் அது நகரும். கரண்ட் போன அன்றைய இன்குபேட்டர் (செல்களை ஒரே சூட்டில் வைக்கும் பெட்டி) கணக்கை நம்ப வேண்டாம்.

'ஸ்டெம் செல் என்றால் எல்லாம் ஒன்றுதான்' என்பதும் சரியில்லை. கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களில் இந்தத் தாளம் கிடையாது. அவை வேறு செல்லாக முதிரும்போதுதான் தோன்றும்.

மாரடைப்பு காலையில் அதிகம் வருகிறது, ஆகவே ஸ்டெம் செல் ஊசியையும் மணி பார்த்துப் போடலாமே என்று கேட்கிறார்கள். கிண்ணத்துச் செல்லுக்கு நேரம் சொல்ல மூளையும் இல்லை, விடியலும் இல்லை. அதற்கு நேரம் தொடங்குவதே நாம் மருந்து ஊற்றிய நொடியில்தான். நோட்டில் 'காலை 6' என்று எழுதாமல், 'மருந்துக்குப் பின் 22ஆம் மணி' என்று எழுதுங்கள்.