நாம்சேயிலிருந்து லுக்லா வரை: எவரெஸ்ட் அடிவார மலைநடையின் கடைசி நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை வழிகாட்டியுடன் குழுவாகச் சென்று வருவோரில் பலர், முகாமைப் பார்த்தவுடனேயே பயணம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அதனால், நாம்சே பசார் என்ற மலையூரிலிருந்து, விமானம் ஏறும் ஊரான லுக்லாவுக்கு நடந்து திரும்பும் கடைசி நாளை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஏழெட்டு மணி நேரம் பிடிக்கக்கூடிய அந்த நடையில், உடல் களைத்தும் கவனம் தளர்ந்தும் இருக்கும் நிலையில், எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகள் நேர்கின்றன.

அன்றைய வழி முழுவதும் இறக்கம்தான் என்று நம்புவது அவற்றில் முதலாவது. நாம்சே 3,440 மீட்டர் உயரத்திலும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்திலும் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் பாதை தூத்கோசி ஆற்றை ஒட்டி இறங்கி, பாக்டிங் என்ற ஊருக்கு அருகே ஏறத்தாழ 2,600 மீட்டர் வரை தாழ்ந்து, பின்னர் லுக்லாவை நோக்கி மீண்டும் ஏறுகிறது. காலையில் நாம்சேயின் செங்குத்தான சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்கி முழங்கால்களை நோகடித்துக்கொண்டவர்கள், மாலையில் இந்த ஏற்றத்தில் மிகவும் துன்பப்படுகிறார்கள். புறப்படுமுன் கால் நகங்களை ஒட்ட வெட்டி, கணுக்காலருகே காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, ஊன்றுகோல்களைச் சற்று நீட்டி வைத்துக்கொண்டால், விரல்நுனிகள் காலணியில் மோதிக் கன்றிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம்.

வழியில் கோவேறு கழுதைகளும் சுமைமாடுகளும் எதிர்ப்படும்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்குவது ஆபத்தானது. எப்போதும் மலைச்சுவரின் பக்கமே ஒதுங்க வேண்டும். விலங்குகள் தொங்குபாலத்தில் வந்துகொண்டிருந்தால், அவை கடந்து முடியும்வரை அதில் கால்வைக்கக் கூடாது.

சுமைதூக்கிகளுக்கான அன்பளிப்பை மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரிய தவறு. நாம் லுக்லாவில் விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில், அவர்களில் சிலர் அடுத்த குழுவின் சுமையை ஏற்கவோ, தம் ஊருக்கு நடந்து திரும்பவோ விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். அத்தனை நாளும் நம் பைகளைச் சுமந்தவர்களை வெறுங்கையுடன் அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை. ஆகவே, ஒவ்வொருவரும் எவ்வளவு தருவது என்பதைக் குழுவினர் நாம்சேயிலேயே பேசி முடித்து, நேபாள ரூபாயாக எடுத்து, ஒவ்வொரு சுமைதூக்கிக்கும் தனித்தனி உறையில் போட்டு, லுக்லா சேர்ந்த அன்று மாலையே அவரவர் கையில் நேராகக் கொடுப்பது நல்லது. மொத்தத் தொகையையும் ஒருவரிடம் கொடுத்துப் பங்கிடச் சொன்னால், யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பின்னர் அறிய வழியிருக்காது. பணம் எடுக்கும் இயந்திரங்கள் நாம்சேயில் உண்டென்றாலும், மின்சாரமோ இணைப்போ தடைபட்டால் அவை வேலை செய்யாது என்பதால், காத்மாண்டுவிலிருந்தே இதற்கென ஒரு தொகையைப் பிரித்து எடுத்து வருவது இன்னும் பாதுகாப்பானது. பயன்படுத்திய குளிராடைகளையும் கையுறைகளையும் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவற்றைப் பணத்துக்கு ஈடாகக் கருதுவது நியாயமன்று. கிழிந்ததையும் அழுக்கானதையும் கொடுப்பது அவர்களை அவமதிப்பதாகும்.

லுக்லாவிலிருந்து விமானம் நிச்சயமாகக் கிளம்பிவிடும் என்று கணக்கிடுவது இன்னொரு பெரிய தவறு. 527 மீட்டர் நீளமே உள்ள, ஏறத்தாழ 12 விழுக்காடு சரிவு கொண்ட அந்த ஓடுபாதையில் விமானி கண்ணால் பார்த்தே இறங்கவும் ஏறவும் வேண்டியிருக்கிறது. மேகம் சூழ்ந்தாலோ காற்று வலுத்தாலோ விமானங்கள் நின்றுவிடும். பிற்பகலில் காற்று கூடுவதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே இயங்குகின்றன. கூட்டம் மிகுந்த பருவங்களில் அவற்றில் பல காத்மாண்டுவுக்குச் செல்லாமல் ராமேசாப் மாவட்டத்து மந்தலியில் இறங்குவதால், அதன்பின் பல மணி நேரச் சாலைப் பயணமும் மிச்சமிருக்கும். காத்மாண்டுவிலிருந்து நாடு திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள்களாவது இடைவெளி விட்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். அனுமதிக்கப்படும் சுமை பொதுவாகக் கைப்பையும் சேர்த்து 15 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதாலும், பெரிய பை சில வேளைகளில் அடுத்த விமானத்தில் வந்து சேரும் என்பதாலும், கடவுச்சீட்டு, மருந்துகள், ஒரு மாற்றுடை ஆகியவற்றை முந்தைய இரவே கைப்பைக்கு மாற்றி வைத்துவிட வேண்டும்.