அறுபது வயதில் மறுபடி ‘அ’ போடுவது எப்படி

1986 முதல் 2022 வரை ஆர்.எம்.எஸ்.சில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரித்தவன் நான். 625 என்றால் மதுரை, 627 திருநெல்வேலி, 641 கோவை. பின்கோடைப் பார்த்ததும் கை தானாக உரிய அறைக்குப் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு தமிழி எழுத்து, அதாவது தமிழை எழுதிய பழங்கால எழுத்தான தமிழ் பிராமி, படிக்க ஆசை வந்தது. மதுரையைச் சுற்றி எத்தனை மலைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்! இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் ஒரு எழுத்து தெரியாது.

இதற்கு முன் இந்தி, ஆர்மோனியம், கம்ப்யூட்டர் என்று மூன்றைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டவன் நான். அதனால் இந்த முறை முதலில் ஒரு தாளில் எனக்கு எது வரும், எது வராது என்று எழுதினேன். நீங்களும் அதிலிருந்து தொடங்குங்கள். வருவது: விடியற்காலை எழுவது, கிறுக்கல் கையெழுத்தைப் படிப்பது, ஒன்றையே நூறு முறை செய்ய அலுக்காதது. வராதது: சந்தேகம் கேட்பது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. இன்னொன்றும் உண்டு: வீடியோ பார்த்ததையே படித்ததாக நினைத்துக்கொள்வேன்.

சரி, வருவதை எப்படிப் பயன்படுத்துவது? நான் பழைய தொழிலையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டி, வெறுமையான பக்கத்தில் ஒரு பிராமி எழுத்து, பின்னால் அதன் தமிழ் எழுத்து. செருப்பு டப்பாவில் அட்டை வைத்துத் தடுத்து ஐந்து அறைகள். புது அட்டை முதல் அறையில்; அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். இரண்டாம் அறை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது ஞாயிறுதோறும், நான்காவது மாதம் இருமுறை, ஐந்தாவது மாதக் கடைசியில். எந்த அறையில் தப்பினாலும் அட்டை திரும்ப முதல் அறைக்கு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை. கடிதம் பிரித்தவனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

நாளைக்கு மூன்று புது அட்டைக்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் எல்லாம் எளிதாகத் தெரியும்: கூட்டல் குறி மாதிரி இருந்தால் க, நட்டுவைத்த குச்சி ர, ஆங்கில ஐ போல மேலும் கீழும் கோடு இருந்தால் ண, தலைகீழ் டி என்றால் ந. அந்த உற்சாகத்தில் ஒரே நாளில் பதினைந்து போட்டேன். நான்காம் நாள் டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டுப்போனால்? பாக்கியைச் சேர்த்துச் செய்யாதீர்கள். என் இந்திப் படிப்பு செத்தது அந்தப் பாக்கியால்தான். முதல் அறையை மட்டும் பாருங்கள். அது பாதியாகக் குறையும்வரை புது அட்டை கிடையாது.

வீடியோ மயக்கத்துக்கு என் மருந்து: முடிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஐந்து எழுத்து போட வேண்டும். பெரும்பாலும் இரண்டுதான் வரும். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. முப்பத்தாறு வருஷம் முகவரி படித்த எனக்கு இது புரிய இவ்வளவு நாளானது வெட்கம்தான்.

கேள்வி கேட்கக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதனால் பேத்தியைத் தேர்வாளராக வைத்தேன். அவளுக்குப் பிராமி தெரியாது. தெரியவும் வேண்டாம், விடைதான் அட்டையின் பின்னால் இருக்கிறதே. “தப்பு தாத்தா, மொத ரூமு” என்று சொல்லும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம்.

பழைய அட்டையைத் திரும்பப் பார்க்க அலுப்பாக இருந்தால் தமிழ் பிராமி கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனை நினைத்துக்கொள்வேன். குகை குகையாகப் போய்ப் படித்து 1966இல் வாசிப்புகளை வெளியிட்டவர், 1990களில், அறுபது வயதுக்கு மேல், மறுபடி அதே குகைகளுக்குப் போய்ச் சரிபார்த்தார். பெரிய நூல் 2003இல்தான் வந்தது.

எட்டாம் மாதம், மதுரைக்குப் பக்கத்தில் தமிழி கல்வெட்டுள்ள மாங்குளம் மலைக்குப் போனேன். போவதானால் காலையோ மாலையோ போங்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் வெட்டு தெரியும். தெரியவில்லை என்று சாக்பீஸால் தீற்றாதீர்கள், அது தரைக்குத்தான். அரை மணி நேரம் நின்றேன். முதலில் கூட்டல் குறி: க. அடுத்தது ணி. அப்புறம் ய். “கணிய் நந்த” வரை யார் துணையும் இல்லாமல் வந்துவிட்டேன். அதற்கு மேல் தட்டியது.

வீட்டுக்கு வந்து, தட்டிய எழுத்துகளின் அட்டைகளையெல்லாம் முதல் அறையில் போட்டேன். ஞ அங்கே ஏற்கெனவே இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.