சிறுவாடும் வங்கிக் கணக்கும்: நெல்லைப் பெண்களுக்கு விளம்பரம் எழுதும் முறை

திருநெல்வேலிச் சீமைப் பெண்களுக்காக வங்கிக் கணக்கு பற்றிய விளம்பரம் எழுத முனைபவர், கோலத்தையும் குத்துவிளக்கையும் பட்டுச்சேலையையும் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். நகைக்கடைக்கும் பொருந்துகிற அந்த அலங்காரம் இங்கே எதையும் சொல்வதில்லை. வீட்டாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்ப்பது, தெருவில் சீட்டுப் போடுவது, பிறந்த வீட்டுப் பொங்கல்படியைத் தனியே முடிந்து வைப்பது எனப் பணத்தோடு ஒட்டிய வழக்கங்களே நமக்குத் தேவை.

எந்த வழக்கத்தை எடுத்தாலும் அதன் வழியாக அவள் எதைக் காக்கிறாள் என்று பாருங்கள். சிறுவாட்டின் உயிர் அதன் மறைவில் இருக்கிறது. கணவரும் மாமியாரும் புடைசூழ அவள் வங்கிக்குப் போகும் சுவரொட்டி, ஒளித்து வைத்ததை நடுவீட்டில் கொட்டச் சொல்வதாகவே அவளுக்குப் படும். கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கலாம், குறுஞ்செய்தியும் அவளுடைய எண்ணுக்கே வரும்படி பதியலாம் என்ற ஒரு வரி அதைவிட வலியது. (வீட்டின் ஒரே கைப்பேசி கணவரின் சட்டைப்பையில் இருந்தால் அந்த வரியும் வீண்தான்.) சீட்டைப் பழிக்கவும் வேண்டாம், அதை நடத்துபவர் பெரும்பாலும் அவளுடைய மதினியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பார்.

வில்லுப்பாட்டைப் பயன்படுத்துவதானால் அதன் அமைப்பையே பயன்படுத்துங்கள். என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே அது சமூகக் கருத்துகளைச் சுமந்திருக்கிறது. முதன்மைப் பாடகரான அண்ணாவி சொல்லச் சொல்லப் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவது மரபு, விளம்பரத்தில் அவர் ஆமா போடாமல், “பணம் இல்லாட்டா அபராதம் போடுவாவளோ?” என்று கேட்கட்டும். 2014-இல் தொடங்கிய ஜன் தன் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்று அண்ணாவி பதில் சொல்லலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு என்று பாடினால், ஒப்புதல் கொடுத்தபின் அந்த 20 ரூபாய் ஆண்டுதோறும் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் என்பதையும் அதே மூச்சில் பாட வேண்டும். பிறகு தெரிந்தால் பாட்டின் மீதே நம்பிக்கை போய்விடும். இசக்கியம்மன் கதைக்குள் மட்டும் வங்கியை நுழைக்காதீர்கள். அம்மன் கோயில் திருவிழாவான கொடையின் இடைவேளையில் தனிப்பாட்டாக வைப்பதே மரியாதை.

கொடை எல்லாருக்கும் உரியதன்று. பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களில் பலர் இசுலாமியர். அவ்வூர்க் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் வழக்கம் உண்டு. நெய்தவளின் பெயரையே பாயின் ஓரத்தில் நெய்து, அருகே அதே பெயர் கொண்ட கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் விளக்கமே வேண்டாம். பீடி சுற்றும் பெண்களுக்கோ, கூலி வாங்கும் நாளில் வாங்கும் இடத்திலேயே துண்டறிக்கை கைக்குப் போக வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் திருத்தி எழுதுங்கள். எந்தக் கிளை, எத்தனை மணிக்குள், ஆதார் அட்டையோடு வேறு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அந்த மூன்று விடைகளையும் படத்துக்குச் சமமான அளவில் அச்சிடுங்கள்.