சண்டைக்குள்ள வளர்ற பிள்ளையள் படம் கீறேக்க, பக்கத்தில இருக்கிற நீங்கள் என்ன செய்யலாம்

ரீச்சர்மார், தாய் தகப்பன், முகாமில உதவி செய்யிற ஆக்கள், உங்களுக்குத்தான் இது. முதலே சொல்லிப்போடுறன், கறுப்பெண்டால் பயம், சிவப்பெண்டால் ரத்தம், கையில்லாத ஆளெண்டால் இன்னது எண்டு ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப்பில சுத்துது, அதைத் தூக்கி எறிஞ்சிடுங்கோ. பெட்டியில மிஞ்சினது கறுப்பு மட்டும்தான் எண்டாலும் பிள்ளை கறுப்பாலதான் கீறும்.

சாமான் பெரிசாத் தேவையில்லை. பழைய கலண்டர்ப் பின்பக்கம், பென்சில், பாஸ்டல் காணும், களிமண் கிடைச்சால் இன்னும் நல்லம். ஆனா இடமும் நேரமும் ஆளும் மாறக்கூடாது, ஒவ்வொரு கிழமையும் அதே மரத்தடி, அதே அக்கா. வாசலுக்கு முதுகு காட்டி இருத்தாதேங்கோ, கதவு டமார் எண்டால் துள்ளி எழும்புற பிள்ளைக்கு வாசல் தெரியோணும்.

"உனக்கு நடந்ததைக் கீறு" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோரத்துக்கு வான் வானா வந்து கிரேயோன் குடுத்து "அலையைக் கீறுங்கோ" எண்டு சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போனவையும் இருந்தவை, அழுத பிள்ளையைத் தேத்தினது ஆர்? நடந்ததை ஒரே இருப்பில கிண்டி எடுக்கிற வேலை வேண்டாமெண்டு உலக சுகாதார நிறுவனமே 2013ல வழிகாட்டலில சொல்லிப்போட்டுது. கேக்கவும் தேவையில்லை. 2005ல சாட் நாட்டு அகதி முகாமில, தாய்தகப்பனோட கதைக்கிற நேரத்துக்கு சும்மா இருக்கட்டுமெண்டு மனித உரிமைக் கண்காணிப்பகத்துக்காரர் கிரேயோன் குடுக்க, சூடானில டார்பூர்ச் சண்டைக்குத் தப்பி வந்த பிள்ளையள் தாங்களாவே குண்டு போடுற பிளேனையும் குதிரையில வந்து ஊரை எரிக்கிறவங்களையும் கீறித் தந்துதுகள்.

சரி, கீறியாச்சு. ஒரு வீடு, ஒரு தென்னை, மேல ஹெலி, ஹெலியில இருந்து கீழ புள்ளி புள்ளியா, பென்சிலை அமத்தின அமத்தில பேப்பரே கிழிஞ்சு போச்சு, வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு வையுங்கோ. நீங்கள் உடனே "அப்பாவைக் காணேல்லையே" எண்டு கேட்டால் கதை முடிஞ்சுது. "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமோ?" எண்டு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கோ, "எல்லாரும் பங்கருக்குள்ள இருக்கினம்" எண்டு பிள்ளை சொல்லக்கூடும், அப்ப நீங்கள் காணாமல் போயிட்டார் எண்டு நினைச்ச அப்பா கதையில பத்திரமா இருக்கிறார். சொல்லாட்டியும் பிரச்சினையில்லை. "வடிவா இருக்கு"ம் வேண்டாம், எரியிற வீட்டைப் பாத்து வடிவெண்டு எப்பிடிச் சொல்லுறது!

பூவும் வண்ணத்துப்பூச்சியும் மட்டுமே கீறுற பிள்ளை எதையோ ஒளிக்குது எண்டும் எடுக்காதேங்கோ. நாசிகளின்ர தெரேசின் முகாமில பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் எண்ட ஓவியர் பிள்ளையளுக்கு நிறமும் கோடும் வெட்டி ஒட்டுறதும்தான் படிப்பிச்சவ, ஒவ்வொரு படத்திலயும் பேரெழுதவும் வைச்சவ. 1944ல அவவை அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்டாங்கள், ஆனா படங்கள் ஏறத்தாழ 4,500 சூட்கேசுக்குள்ள ஒளிச்சு வைச்சபடி தப்பிச்சுது. மட்டக்களப்பிலயும் 1996ல பாதர் போல் சற்குணநாயகமும் கனடா ஓவியர் போல் ஹோகனும் தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில, வெளியில சண்டை நடக்க நடக்க, தமிழ்ப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் சேர்ந்து களிமண் பிசைஞ்சு, கீறி, கதை சொல்லி விளையாடினவை.

பேர் எழுதுற விசயத்தில மட்டும் உங்கட இடத்தைப் பாத்து நடவுங்கோ. படத்தில இருக்கிற யூனிபோமோ கொடியோ பிள்ளைக்கே ஆபத்தாகலாம், சண்டை முடியாத இடத்தில பேரையும் ஊரையும் படத்தில போடாமல் தனியா வேற கொப்பியில எழுதி வைக்கிறது புத்தி. பேஸ்புக்கில போடுறதெல்லாம் கதையே இல்லை. கொண்டுபோறதோ, உங்களிட்டத் தாறதோ, கிழிக்கிறதோ, அது பிள்ளையின்ர முடிவு.

கீறினால் எல்லாம் மாறும் எண்ட கதையையும் நான் நம்பேல்லை. இலங்கையின்ர வடக்கில பள்ளிக்கூடப் பிள்ளையளோட படம், நாடகம் எல்லாம் கலந்து ஒரு திட்டம் செய்து பாத்து, 2012ல முடிவு வந்தது. சில பிள்ளையளுக்குப் பலன் இருந்தது, ஆனா அதில சேர்ந்த பொம்பிளைப் பிள்ளையளுக்கு அதிர்ச்சி அறிகுறி குறைஞ்சது சேராதவையை விட மெதுவாத்தான்.

அதால கண்ணை வைச்சுக்கொண்டிருங்கோ. கிழமைக்கணக்கா ஒரே படத்தை ஒரு கோடும் மாறாமல் கீறிக்கொண்டே இருக்கிறது, கீறி முடிய ஆறுதல் இல்லாமல் இன்னும் பதட்டப்படுறது, அதோட நித்திரை இல்லை, வளர்ந்த பிள்ளை திரும்பப் பாயில சிறுநீர் போகுது, தாயை விட்டு அசையுதில்லை, சாகோணும் எண்டு கதைக்குது எண்டால் பேப்பரை வைச்சிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சாகிற கதை எண்டால் அண்டைக்கே போகோணும். இலங்கையில எண்டால் மனநல உதவி இலக்கம் 1926க்கு போன் அடிச்சும் கேக்கலாம்.