குழந்தைங்களோட முதல் டைவிங் ட்ரிப்: கரீபியன்ல எந்தத் தீவுக்குப் போறது?

கரீபியன்ல டைவிங் போலாம்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் 'பெஸ்ட் டைவிங் ஐலேண்ட்'னுதான் தேடுவோம், நாங்களும் அப்படித்தான் தேடினோம், முதல் ட்ரிப் சரியா அமையல. அந்த லிஸ்ட் எல்லாம் நூத்துக்கணக்குல டைவ் போட்டவங்களுக்காக எழுதினது, அவங்களுக்கு ஆழம் வேணும், சுறா வேணும். எங்க வீட்ல இருந்தது பத்து வயசுப் பொண்ணு, எட்டு வயசுப் பையன், தண்ணிக்குள்ள கால் மட்டும்தான் நனைப்பேன்னு சொல்ற மாமியார். நாங்க போன இடத்துல ஒரு டைவ் ஷாப் எங்க பொண்ணையும் பழக்கப்பட்ட ஆளுங்களோட ஒரே போட்ல ஏத்தி நீரோட்டம் இழுக்கிற இடத்துல இறக்கிட்டாங்க, அவ என் கையை விடவே இல்ல, மேல வந்து ரொம்ப நேரம் அழுதா. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு பொனேர் தீவுக்குப் போனோம், இப்ப அவளே அடுத்து எப்பன்னு கேக்குறா. அந்த ரெண்டு ட்ரிப்புக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டதைத்தான் வரிசையா எழுதுறேன்.

படி 1: முதல்ல வயசை எழுதுங்க, தீவு அப்புறம்

ஒரு பேப்பர்ல வீட்ல ஒவ்வொருத்தரோட வயசையும் எழுதி, பக்கத்துல அவங்களால என்ன பண்ண முடியும்னு எழுதுங்க. பேடின்னு (PADI) டைவிங் கத்துக்கொடுத்து சர்டிஃபிகேட் தர்ற அமைப்பு இருக்கு, அவங்க விதிப்படி 8 வயசுல பபிள்மேக்கர்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மீட்டர் ஆழத்துக்குள்ள இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து மூச்சு விடப் பழக்குவாங்க. 10 வயசு ஆனா ஜூனியர் ஓபன் வாட்டர்னு அடிப்படை டைவிங் கோர்ஸ் பண்ணலாம், ஆனா 10, 11 வயசுப் பிள்ளைங்க 12 மீட்டருக்கு மேல ஆழம் போகக்கூடாது, கூட சர்டிஃபிகேட் இருக்கிற அப்பாவோ அம்மாவோ இல்லன்னா ப்ரொஃபெஷனலோ இருக்கணும். 12ல இருந்து 14 வரைக்கும் 18 மீட்டர், அதுவும் பெரியவங்க கூட. 15ல தான் சாதாரண ஓபன் வாட்டர்.

இந்த நம்பரை வெறும் விதியா பார்க்காதீங்க, தீவைத் தேர்ந்தெடுக்கிற அளவுகோலே இதுதான். உங்க வீட்ல சின்ன டைவருக்கு 12 மீட்டர்தான் எல்லைன்னா, 12 மீட்டருக்குள்ள பார்க்க நல்ல ரீஃப் (பவளப்பாறை) இருக்கிற தீவுதான் உங்களுக்கு நல்ல தீவு. பெலீஸ்ல ப்ளூ ஹோல்னு கடலுக்குள்ள இருக்கிற பெரிய குழி உலகப் புகழ்னு சொல்வாங்க, அங்க சுண்ணாம்புத் தூண்களைப் பார்க்கணும்னா 40 மீட்டர் பக்கம் இறங்கணும், புதுசா பழகுறவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் அது வேலைக்கே ஆகாது.

படி 2: டாக்டர்

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி போங்க. டைவிங் மெடிக்கல் ஃபார்ம்ல ஆஸ்துமா, இதயம், காது ஆபரேஷன், வலிப்புன்னு கேள்விகள் வரும், ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாகூட டாக்டர் கையெழுத்து கேக்கலாம், தீவுல போய் இறங்கினப்புறம் அந்தக் கையெழுத்துக்கு அலைஞ்சா லீவே போயிடும். பிள்ளைங்களுக்கு முக்கியமா காது பாருங்க. காதையும் தொண்டையையும் சேர்க்கிற குழாய் அவங்களுக்குக் குறுகலா இருக்கும், சளி பிடிச்சா பிரஷர் சமன் ஆகாது. சளி இருந்தா அன்னைக்கு டைவ் கிடையாது, பணம் கட்டியாச்சேன்னு யோசிக்காதீங்க.

படி 3: எந்த மாசம்

அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் உச்சம். நாங்க ஹூஸ்டன்ல இருக்கோம், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவே ஜூன், ஜூலைதான், அதனால எங்களுக்கு இது பெரிய சிக்கல். 2017ல இர்மா செயிண்ட் மார்ட்டினையும் மரியா டொமினிக்காவையும் எப்படிப் போட்டு உருட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 2024ல பெரில் ஜூலை 1ம் தேதியே கிரெனடா பக்கம் கரியாக்கூ தீவை அடிச்சிடுச்சு, சீசன் ஆரம்பிச்சு ஒரே மாசம்.

கோடை லீவுல தான் போக முடியும்னா மேப்ல கீழ பாருங்க. வெனிசுவேலா கரைக்குப் பக்கத்துல அரூபா, குரசாவ், பொனேர்னு மூணு தீவு வரிசையா இருக்கும். புயல்கள் வழக்கமா போற பாதைக்குத் தெற்கே இருக்கிறதால இங்க நேரடியா அடிக்கிறது ரொம்ப அபூர்வம். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், 1999ல லெனி புயல் மேற்குல இருந்து கிழக்கே போய் தூரத்துல இருந்தே அலையைத் தள்ளி பொனேரோட ஆழமில்லாத பவளங்களை நொறுக்குச்சு. ஆனா ஜூலைல குடும்பத்தோட போக இதைவிட நிம்மதியான மூலை கரீபியன்ல இல்லங்கிறது என்னோட முடிவு.

படி 4: போட்ல ஏறாம கரையில இருந்தே டைவ் பண்ண முடியுமான்னு பாருங்க

இந்த ஒரு கேள்விக்காக நான் எல்லாத்தையும் விட்டுக்கொடுப்பேன். போட் டைவ்னா எல்லாரும் ஒரே நேரம் கிளம்பணும், பிள்ளைக்கு வாந்தி வந்தா திரும்ப முடியாது, பயந்தா தனியா கரைக்கு வர முடியாது, டைவ் பண்ணாதவங்க நாள் பூரா ஹோட்டல்ல உக்காந்திருக்கணும். கரையில இருந்து இறங்கினா அஞ்சு நிமிஷத்துல பிடிக்கலையா, மேல வா கண்ணா, பாட்டி கிட்ட உக்காரு, நாளைக்குப் பார்ப்போம், அவ்ளோதான். எங்க பொண்ணுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆச்சு, மூணாவது நாள் அவளே டாங்க் (காத்து சிலிண்டர்) எங்கன்னு கேட்டா.

பொனேரை அதுக்காகத்தான் எடுத்தோம். மேற்குக் கரை முழுக்க காத்துக்கு மறைவான பக்கம், தண்ணி குளம் மாதிரி கிடக்கும், ரோட்டு ஓரமா மஞ்சக் கல்லுல டைவ் ஸ்பாட் பேர் எழுதி வெச்சிருப்பாங்க, அப்படிக் கரையில இருந்து இறங்குற இடமே 50க்கு மேல இருக்கு. பிக்கப் வண்டி வாடகைக்கு எடுத்து டாங்க்கைப் பின்னாடி போட்டுக்கிட்டு எந்தக் கல்லுல வேணா நிறுத்தலாம். கரையில இருந்து கொஞ்ச தூரம் மணல், அப்புறம் சுமார் 10 மீட்டர்ல ரீஃப் சரிய ஆரம்பிக்கும். அதாவது 12 மீட்டர் எல்லை இருக்கிற பிள்ளைக்கு ரீஃபோட மேல் விளிம்பு சரியா கைக்கு எட்டுற ஆழத்துல இருக்கு, கிளிமீன், ஏஞ்சல்ஃபிஷ், ஆமை எல்லாம் அங்கேயே வரும். அதுக்குக் கீழ சரிவு 30 மீட்டரைத் தாண்டி போகும், அதனால பிள்ளை உங்களுக்குக் கீழ போயிடாம பார்த்துக்கணும், பக்கத்துலேயே கொஞ்சம் கீழ நீங்க இருங்க.

ஒரு ஏமாற்றத்தை முன்னாடியே சொல்லிடுறேன். போட்டோல பார்க்கிற வெள்ளை மணல் பீச் பொனேர்ல ரொம்பக் கம்மி, பல இடத்துல உடைஞ்ச பவளக் கல்லு மேல நடந்துதான் இறங்கணும், கெட்டியான அடி உள்ள டைவ் பூட்ஸ் எல்லாருக்கும் வேணும். அதனால தங்குற இடத்தை, ஏணி வெச்ச மரப்பாலமும் வாசல்லயே டைவ் பண்ற ரீஃபும் (ஹவுஸ் ரீஃப்னு சொல்வாங்க) இருக்கிறதா பார்த்து எடுங்க. சின்னப் பையனுக்கு கிழக்குப் பக்கம் லாக் பேன்னு ஒரு விரிகுடா இருக்கு, இடுப்பளவு தண்ணி, எங்க மாமியார் கூட அங்க தைரியமா இறங்கினாங்க.

மத்த தீவுகள்ல குரசாவ் எனக்கு ரெண்டாவது சாய்ஸ், மணல் உள்ள சின்னச் சின்ன கடற்கரையும் வில்லம்ஸ்டட்னு அழகான ஊரும் இருக்கு, டக்போட்னு முழுகின சின்னக் கப்பல் ஒண்ணு அஞ்சு மீட்டர் ஆழத்துல கிடக்கு, ஸ்நார்கல் (மூச்சுக்குழாய்) போட்டு மேல மிதந்தே பார்க்கலாம். க்ராண்ட் கேமன் ரொம்பப் பாதுகாப்பு, ஸ்டிங்ரே சிட்டில இடுப்பளவு மணல் திட்டுல திருக்கை மீன்கள் பக்கத்துல வரும், ஆனா செலவு அதிகம், புயல் பாதையில வேற இருக்கு. ஹோண்டுராஸோட ரோவட்டான் தீவுல கோர்ஸ் விலை கம்மி. மெக்ஸிகோவோட கோசுமெல் தீவுல ரீஃப் அற்புதம், ஆனா அங்க டைவிங்கே நீரோட்டத்தோட மிதந்து போறதுதான், பிள்ளைக்கு ஒரு 20 டைவ் ஆனப்புறம் வெச்சுக்கோங்க. சாபா சின்ன மலைத்தீவு, எல்லாமே போட் டைவ், பீச்சும் கிடையாதுன்னே சொல்லலாம்.

படி 5: பாதுகாப்புன்னா எதெதைப் பார்க்கணும்

முதல்ல டீகம்ப்ரஷன் சேம்பர், அதாவது வேகமா மேல வந்தா உடம்புல வர்ற அழுத்தப் பாதிப்புக்குச் சிகிச்சை கொடுக்கிற அறை, அந்தத் தீவுலயே இருக்கான்னு பாருங்க. பொனேர் ஆஸ்பத்திரில இருக்கு. பெரிய பிரச்சனைன்னா விமானத்துல வேற ஊருக்குக் கொண்டு போகணும், அதனால சாதாரண ட்ராவல் இன்ஷூரன்ஸ் போதாது, அதுல பல பாலிசில ஸ்கூபாவை விலக்கியே வெச்சிருப்பாங்க, டான் (DAN) மாதிரி டைவர்களுக்குன்னே இருக்கிற இன்ஷூரன்ஸ் எடுங்க, பிள்ளைங்க பேர்லயும் எடுங்க.

ஊர் விஷயத்துல அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு நாட்டுக்கும் 1ல இருந்து 4 வரைக்கும் எச்சரிக்கை நிலை போடுவாங்க, கிளம்புற வாரம் ஒரு தடவை பாருங்க. பொனேர் ரொம்ப அமைதியான ஊர், தீவுல ஒரு ட்ராஃபிக் சிக்னல் கூடக் கிடையாது, 'பொன் தியா'ன்னு பாப்பியமெந்து மொழில காலை வணக்கம் சொன்னா கடைக்காரங்க முகமே மலரும், பிள்ளைங்க ரெண்டே நாள்ல 'டாங்கி'ன்னு நன்றி சொல்லப் பழகிட்டாங்க. ஆனா டைவ் ஸ்பாட்ல நிறுத்தின வண்டில இருந்து பொருள் திருடு போகும். அங்க எல்லாரும் சொல்ற வழி, வண்டியைப் பூட்டாம கண்ணாடியை இறக்கி விட்டுட்டு உள்ள எதுவுமே வைக்காம போறது. பாஸ்போர்ட், போன் எல்லாம் ரூம்லயே இருக்கட்டும். குழாய்த் தண்ணியையே குடிக்கலாம், கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணித் தர்றாங்க.

படி 6: டைவ் ஷாப்புக்கு மெயில் போடுங்க

தீவு சரியா இருந்து ஷாப் தப்பா அமைஞ்சா எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மூணு ஷாப்புக்கு ஒரே மெயில் அனுப்புங்க. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்னு கேளுங்க, 10, 11 வயசுப் பிள்ளைங்க கோர்ஸ் பண்றப்ப கடல்ல ஒரு குரூப்ல நாலு பேருக்கு மேல கூடாது, அதுலயும் அந்த வயசுக்காரங்க ரெண்டு பேருக்கு மேல கூடாதுங்கிறது பேடி விதி. சின்ன சைஸ் பிசிடி (மிதக்கிறதைக் கட்டுப்படுத்துற ஜாக்கெட்), வெட்சூட், மாஸ்க் இருக்கா? முதல் டைவ் எந்த இடத்துல, எத்தனை மீட்டர்? பிள்ளை வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிடும். ஒரு ஷாப்ல 'நோ ப்ராப்ளம்'னு ஒரே வரி வந்துச்சு. இன்னொரு ஷாப்ல பொண்ணுக்கு நீச்சல் எவ்ளோ தெரியும், காது எப்படி, இதுக்கு முன்னாடி பயந்திருக்காளான்னு திருப்பிக் கேட்டாங்க, அங்கதான் பணம் கட்டினேன்.

முடிஞ்சா தியரியையும் நீச்சல் குளப் பயிற்சியையும் உங்க ஊர்லயே முடிச்சிட்டு, கடல்ல பண்ண வேண்டிய நாலு டைவை மட்டும் தீவுல வெச்சுக்கோங்க, ரெஃபரல்னு சொல்வாங்க.

படி 7: விசா, கட்டணம்

பொனேர் 2010 அக்டோபர் 10ல இருந்து நெதர்லாந்தோட சிறப்பு நகராட்சி, ஆனா காசு அமெரிக்க டாலர்தான். இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்க கவனிங்க, நெதர்லாந்துன்னு நினைச்சு ஷெங்கன் விசா அப்ளை பண்ணாதீங்க, கரீபியன் பகுதிக்கு விதி தனி, அமெரிக்க விசா இருக்கிறவங்களுக்குச் சலுகை இருக்கான்னு டச்சு தூதரகத்துல உங்க விசா வகையைச் சொல்லிக் கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. நாங்க போனப்ப நுழைவு வரி பெரியவங்களுக்கு 75 டாலர், 13 வயசுக்குக் கீழ 10 டாலர், கடல்ல இறங்க நேச்சர் ஃபீ 40 டாலர் தனி. இந்த 40 டாலரை நான் சந்தோஷமா கட்டினேன். 1979ல இருந்து தீவைச் சுத்தி 60 மீட்டர் ஆழம் வரைக்கும் முழுக் கடலும் மரைன் பார்க், அதைப் பாத்துக்கிறது இந்தக் காசுதான். கையுறை போடக்கூடாது, பவளத்தைத் தொடக்கூடாது, ஆக்ஸிபென்சோன் உள்ள சன்ஸ்கிரீனுக்குத் தடை, முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிட்டா அந்தக் கவலையே இல்ல.

படி 8: நாள் கணக்கு

முதல் நாள் செக் டைவ், அதாவது உபகரணத்தையும் பழக்கத்தையும் சரிபார்க்கிற டைவ், கட்டாயம், பழைய ஆளா இருந்தாலும் பண்ணணும். பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு டைவ், அதிகபட்சம் ரெண்டு, தண்ணி 27 டிகிரி இருந்தாலும் அவங்க உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும், உதடு நடுங்க ஆரம்பிச்சா வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. நடுவுல ஒரு நாள் வாட்டர் டாக்ஸி பிடிச்சு எதிர்ல இருக்கிற க்ளைன் பொனேர் போங்க, ஆள் குடியில்லாத தீவு, ஆமை முட்டையிடுற கரை, ஸ்நார்கல் மட்டும் தெரிஞ்சா போதும்.

பல நாள் டைவ் பண்ணினப்புறம் ஃப்ளைட் ஏற குறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி வேணும், அதனால கடைசி நாள் முழுக்க கரையில. நாங்க அன்னைக்குத் தெற்கே உப்பளப் பக்கம் ஃப்ளமிங்கோ பார்த்தோம், ரோடு ஓரமா அடிமைகள் தங்கின குட்டிக் குட்டிக் கல் குடிசைங்க இருக்கு, நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது, பையன் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல.

தேதி உங்க கையில இருந்தா பௌர்ணமி முடிஞ்சு ரெண்டுல இருந்து அஞ்சு நாள் அங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. சூரியன் மறைஞ்சு முக்கால் மணி நேரம் கழிச்சு, ஆஸ்ட்ரகாட்னு மணல் அளவு ஜீவன் தண்ணிக்குள்ள நீல வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியா விட்டுக்கிட்டே மேல ஏறும். மரப்பாலத்து விளக்கை அணைச்சுட்டு ஓரத்துல உக்காந்தாலே தெரியும், அதுக்கு டைவ் தெரிய வேண்டியதில்ல, எங்க மாமியார் தான் முதல்ல பார்த்துட்டு எங்களைக் கூப்பிட்டாங்க.