தாமதத் தண்டம் பிழையாக வந்தால் செய்யக்கூடாதவை

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு என்று இப்போது நிறையப் பிள்ளைகள் கணக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள், கணினி நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் வருமான வரி விபரத்திரட்டை (ரிட்டர்ன்) நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமிருந்து வாடிக்கையாளருக்குத் தாமதத் தண்டக் கடிதம் வந்ததும் எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். கூட்டல் பிழை, கையெழுத்து மறந்தது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

போனில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

முல்லைத்தீவில் கருவாடு வாங்கி விற்கிற ஒருவர். அவருடைய விபரத்திரட்டை, அவருக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு தங்கச்சி நேர காலத்தோடு அனுப்பியிருந்தார். ஒப்புகையும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் 80,000 ரூபா தண்டம் என்று கடிதம் வந்தது. தங்கச்சி உடனே திணைக்களத்துக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், பார்க்கிறோம் என்றார். அடுத்த கிழமையும் எடுத்தார், அதே பதில். நேரிலும் ஒருக்கால் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எழுத்தில் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. பிறகு நிலுவையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் பைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, பாக்கிறம் எண்டுதானே சொன்னவை?"

சொன்னார்கள். ஆனால் சொன்னதற்கு எங்கே சாட்சி? பைலைத் திறந்தால் ஒப்புகை இருக்கிறது, தண்டக் கடிதம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. போன் எடுத்த திகதிகளைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 139ஆம் பிரிவு: முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள், எழுத்தில், காரணங்களை விரிவாகச் சொல்லி ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். நாள் கடந்தால் நாட்டில் இல்லை, சுகமில்லை அல்லது வேறு நியாயமான காரணம் இருந்தது என்று அவரைத் திருப்திப்படுத்த வேண்டும். போனில் கதைத்துக்கொண்டிருந்தோம் என்பதை அந்த இடத்தில் வைத்து வாதாடுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனுசன் கடைசியில் காசைக் கட்டினார். கரையில் மீன் வாங்க வைத்திருந்த முதல் அது. செய்யாத குற்றத்துக்குப் போனது.

ஆகவே கடிதம் கிடைத்த அன்றே எழுதத் தொடங்குங்கள். மேலே ரின் (TIN) எனப்படும் வரி செலுத்துநர் இலக்கம், மதிப்பீட்டு ஆண்டு, தண்ட அறிவித்தலின் இலக்கமும் திகதியும், அது கையில் கிடைத்த திகதி. முதல் வசனத்திலேயே இது 139ஆம் பிரிவின் கீழான மீளாய்வுக் கோரிக்கை என்று சொல்லுங்கள். அடுத்து, இன்ன திகதி இன்ன ஒப்புகை இலக்கத்தோடு விபரத்திரட்டு ஒப்படைக்கப்பட்டது, ஆகவே பிந்திக் கொடுப்பதற்கான 178ஆம் பிரிவுத் தண்டம் இதற்குப் பொருந்தாது, அதை நீக்கித் தாருங்கள். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வாடிக்கையாளரின் கஷ்டம், போர், இடம்பெயர்வு எல்லாம் உண்மைதான். ஆனாலும் திகதியால் வெல்லக்கூடிய கடிதத்தில் அவற்றைக் கலக்காதீர்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபால், துண்டைப் பிரதியிலேயே குத்தி வையுங்கள். தண்டக் கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள். எப்போது வந்தது என்று காட்ட அந்தத் தபால் முத்திரை வேண்டியிருக்கும்.

போன் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

ஏன் வந்தது என்று பாராமல் சண்டைக்குப் போவது

முதலில் ராமிஸை (RAMIS), அதாவது திணைக்களத்தின் இணைய வரி முறைமையை, திறந்து பாருங்கள். நான் பார்த்தவற்றில் ஒரு பங்கு, படிவம் நிரப்பிச் சேமிக்கப்பட்டு ஒப்படைக்கப்படாமலே கிடந்தவை. ஒப்புகை வரவில்லை என்றால் அது போகவில்லை. இன்னொரு பங்கு ஆண்டு மாறியவை. 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையான வருமானம் 2024/2025க்கு உரியது. அவசரத்தில் முந்திய ஆண்டில் ஏற்றிவிட்டால், சரியான ஆண்டு வெறுமையாகக் கிடக்கும், தண்டமும் வரும். அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உண்மையிலேயே பிந்தியிருந்தால் "பிழையான தண்டம்" என்று எழுதவே எழுதாதீர்கள். அடுத்த முறை உங்கள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

வரி இல்லையென்றால் தண்டமும் இல்லை என்று சொல்வது

இதை நம்பிப் பல நெல் வியாபாரிகள் விபரத்திரட்டே கொடுக்காமல் இருக்கிறார்கள். 178ஆம் பிரிவு இரண்டு கணக்குச் சொல்கிறது. ஒன்று, செலுத்த வேண்டிய வரியில் 5 சதவீதமும் மாதத்துக்கு 1 சதவீதமும். மற்றது, 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும். எது கூடவோ அது. வரி பூச்சியம் என்றாலும் இரண்டாவது கணக்கு நிற்கும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான்: நவம்பர் 30க்குக் கொடுக்க வேண்டியதை பெப்ரவரி 5இல் கொடுத்தால் மூன்று மாதம், 80,000 ரூபா. மொத்தம் 4 இலட்சத்தைத் தாண்டாது. கடிதத்தில் வந்த தொகையையும் இப்படிக் கணக்குப் பார்த்துச் சரிபாருங்கள்.

முதலில் கட்டிவிட்டுப் பிறகு பார்ப்போம்

மீளாய்வுக் கடிதம் கொடுக்காமல் கட்டவேண்டாம்.

பழைய முகவரி

வன்னியில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். 2009க்குப் பிறகு மீள்குடியேறியவர்களில் எத்தனையோ பேரின் பதிவில் இன்னும் வவுனியாவில் இருந்த வாடகை வீடோ யாழ்ப்பாணத்தில் மாமா வீடோதான் இருக்கிறது. கடிதம் அங்கே போகும், மாமி வாங்கி அலுமாரியில் வைப்பா, பொங்கலுக்குப் போகும்போது கையில் வரும். வேலையை ஏற்கும் அன்றே முகவரியைக் கேட்டு மாற்றுங்கள்.

கடைசி நாள்

நவம்பர் 30 எங்களுக்கு மாரியின் நடுப்பகுதி. கரண்ட் போகும், இணையம் போகும், வாடிக்கையாளர் வயலில் நிற்பார். ஒக்டோபரில் முடியுங்கள்.

வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை வட்ஸ்அப்பில் வாங்குவது

கூடாது.

மீளாய்வைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது

பதில் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதிலே வராமல் 90 நாள் கடந்தாலும் அந்த வழி திறக்கும். கடிதம் கொடுத்த அன்றே 90ஆவது நாளைக் கலண்டரில் குறித்து, வாடிக்கையாளருக்கும் அந்தத் திகதியைச் சொல்லி வையுங்கள்.