பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாறு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழையாகப் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், உலகப்புகழ் பெற்றார். சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாறுகள் பலவும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடுகின்றன. படித்த பிள்ளைக்குப் பிரமிப்பு வரும். 'நம்மாலும் முடியும்' என்ற நம்பிக்கை வராது, ஏனென்றால் அது பிறக்கிற நடுப்பகுதியைத்தான் நாம் வெட்டிவிடுகிறோம். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமகிரித் தாயார் அருள், இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் பயணம் என்று கதை ஓடிவிடும். ஆனால் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாமல் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஆதரவு தேடி அலைந்து, கடைசியில் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம், ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே வாங்கும் குமாஸ்தா என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதிப் பார்த்துப் பலன் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டதே என்று முடங்கிக் கிடக்கும் பையனுக்கு இந்தப் பக்கங்கள்தான் வேண்டும்.

அடுத்த தவறு, சாதித்தவரைத் தனி ஆளாகக் காட்டுவது. ராமானுஜனுக்கு வேலை இல்லாத நாட்களில் மாதாமாதம் பணம் கொடுத்தவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். துறைமுகத்தில் ராமானுஜனின் கணிதத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் மேலதிகாரி நாராயண ஐயர். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர அவருடைய அக்கா நகையை அடகு வைத்தார். 1979-இல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு வருடம் வெற்றி கிடைத்ததும் கலாமைப் பேசச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். இவர்களை விட்டுவிட்டால், உதவி கேட்பதே அவமானம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை அப்படியே சொல்லிவிடுவது. 'உங்கள் மகன் மேதை' என்று எடிசனின் அம்மா பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை மாற்றிப் படித்ததாகச் சுற்றும் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றார் என்பதும் பொய். 1895-இல் ஜூரிக் பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதியபோது அவருக்கு வயது 16. கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்தார், மற்ற பாடங்கள் காலை வாரின. சரி என்று ஆராவ் ஊர்ப் பள்ளியில் ஒரு வருடம் படித்து, அடுத்த ஆண்டு உள்ளே நுழைந்தார். உண்மையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது பொய் எதற்கு? வளர்ந்த பிறகு ஒரு கதை பொய் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை மீதிக் கதைகளையும் நம்பாது.

"அவர் அந்த வறுமையில் படித்தார், உனக்கு எல்லாம் இருந்தும் படிக்கவில்லையே" என்று புத்தகத்தைக் குத்திக்காட்டும் ஆயுதமாக்குவது இன்னொன்று. ஒருமுறை சொன்னாலே போதும், அந்தப் புத்தகத்தைப் பிள்ளை மறுபடி தொடாது. பிறந்த தேதியையும் விருதுப் பட்டியலையும் ஒப்பிக்கச் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான். 'எந்த இடத்தில் இவர் விட்டுவிடுவார் என்று நினைத்தாய்? ஏன் விடவில்லை?' என்று கேளுங்கள், அப்புறம் பிள்ளையே பேசும்.

கடைசியாக, பெண்களின் வரலாறு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைப்பது. பெண் சேரக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தும் புதுக்கோட்டைக் கல்லூரியில் படித்து, 1912-இல் மருத்துவரானவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பல வருடங்கள் விடாமல் முயன்று 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். இந்தக் கதையைப் பையன்களுக்கும் கொடுங்கள்.